மேல்வீட்டு அன்ரியின் தம்பிக்கு ஒரு மாலை

எங்கள் அம்மா ஒருமுறை ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தார் என்று சித்தப்பா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் சொல்வார். ஆயுதம், சந்தையில் வாங்கிய வெள்ளைக் கார்னேஷன் பூக்கள், ஒரு ஊசி, கொஞ்சம் நூல். சாகவிருந்தவர் கடலுக்கு அப்பால் கியூபாவில், ஒரு சிறைக்குள் இருந்தார். அம்மா இந்தக் குற்றச்சாட்டை மறுப்பதில்லை. “ஓம், தெரியாமல் செய்துபோட்டன். பிறகு நான்தானே காப்பாத்தினனான்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போவார்.

எனக்கு அப்போது எட்டு வயது. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு கவுன்சில் கட்டடத்தின் முதலாம் மாடியில் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு நேர்மேலே, இரண்டாம் மாடியில், ஒரு கியூபாப் பெண் தனியாக இருந்தார். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அவர் மேல்வீட்டு அன்ரிதான். அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு. அன்ரிக்கு அது கொஞ்சம் அதிகம், ஆனால் அவர் பேசும்போது எல்லாச் சொல்லும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஓடிவரும். இரண்டு மாடிக்கும் நடுவில் மொழி என்று ஏதாவது இருந்தது என்றால் அது நான்தான்.

ஊரில் சண்டை நடந்ததில் அம்மா ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு அவருடைய பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்தது, பிறகு அவர்கள் இடம்பெயர்ந்தார்கள், பிறகு இரண்டும் ஒரே ஊரில் சந்திக்கவே இல்லை. அப்பாவின் கதையும் ஏறக்குறைய அதுதான். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய், சோதனைகள் எல்லாம் எழுதி, பல்கலைக்கழகம் வரை ஏறிய முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அது வராது. எட்டு வயதிலேயே வரவில்லை. டொக்டரிடம், கவுன்சிலில், சந்தையில் எல்லாம் அம்மாவின் வாய் நான்தான் என்று அப்போதே எனக்கு ஒரு நிமிர்வு இருந்தது.

அம்மாவும் அன்ரியும் சிநேகிதமானது சந்தையில். ஒரே பெட்டியிலிருந்த பச்சை வாழைக்காயை இரண்டு பேரும் இரண்டு பக்கத்தால் பிடித்துவிட்டார்கள். யார் விடுவது என்று தெரியாமல் சிரித்தார்கள். அன்று பின்னேரம் அன்ரி வாழைக்காயைத் துண்டு போட்டுப் பொரித்து, தட்டையாக அமத்தி, மறுபடி பொரித்துக் கொண்டுவந்தார். அம்மா மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிப் பொரித்ததை மேலே கொடுத்துவிட்டார். “வாழைக்காய் பொரிக்கத் தெரிஞ்சவள் கூடாதவளா இருக்க ஏலாது” என்பது அம்மாவின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

இனி எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னறையில் வரிசையாகப் படங்கள் தொங்கின. அம்மாவின் அப்பா, அப்பாவின் அம்மா, ஷெல் விழுந்து செத்த பெரியப்பா. எல்லாப் படத்துக்கும் மாலை இருந்தது. சாதாரண நாட்களில் துணிப்பூ மாலை, திவச நாட்களில் அன்றைக்கு வாங்கி அம்மா கையால் கோத்த பச்சைப்பூ மாலை. வரிசையின் கடைசியில் மாமாவின் படம். அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. படத்தில் மீசை முளைத்தும் முளைக்காமலும் சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு மட்டும் மாலை இல்லை. மாமாவைப் பற்றி வீட்டில் அதிகம் பேசமாட்டார்கள். பேசினால், சண்டை முடிந்த அன்று ஆமிக்காரர் கொண்டுவந்த பஸ்ஸில் அவர் ஏறினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள் என்ற இடத்தில் கதை நின்றுவிடும். பஸ்ஸில் ஏறினவர் ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று நான் யோசித்திருக்கிறேன். லண்டனிலும் சில பஸ்கள் வருவதில்லைதான்.

முந்தின வருடம் நத்தார்ப் பண்டிகைக்குப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடதாசிச் சங்கிலி செய்யப் பழக்கினார்கள். சிவப்பும் பச்சையுமாக நான் நீளமாக ஒன்று செய்து, மாமா பாவம் என்று அவருடைய படத்துக்குப் போட்டுவிட்டேன். வேலையால் வந்த அம்மா அதைக் கண்டதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து பிய்த்து எறிந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. கடதாசி மாலை அம்மாவுக்குப் பிடிக்காது, பச்சைப்பூதான் வேண்டும் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

அன்ரியின் வீட்டிலும் ஒரு படம் இருந்தது. அவர்களுடைய மாதாவின் சிறிய சுரூபத்துக்குப் பக்கத்தில், சட்டமிட்டு, ஒரு இளம் ஆணின் படம். முன்னால் எப்போதும் ஒரு மெழுகுதிரி எரியும். யார் என்று நான் ஒருநாள் கேட்டேன். “என் சின்னத் தம்பி” என்று சொல்லி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார் அன்ரி. கண் கலங்கியிருந்தது. கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“தம்பியோ? ஐயோ, பாவம்.” அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். “அதுதான் ஞாயிற்றுக்கிழமையில வெள்ளை உடுக்கிறா.”

“எப்பிடிச் செத்தவர் எண்டு கேக்கட்டோ?”

“வாயில போடுவன். செத்தவீட்டுக் கதையை நோண்டிக் கேக்கிறதோ? அதுகளாச் சொன்னாக் கேக்கோணும்.”

அன்ரி ஞாயிறுதோறும் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சப்பாத்து என்று உடுத்துக்கொண்டு, அந்தப் படத்தைக் கையில் பிடித்தபடி எங்கோ போவார் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மா அதைக் கல்லறைக்குப் போவதாகவே எடுத்துக்கொண்டார். வெள்ளை உடுத்து, படத்துக்கு விளக்கேற்றி, கண் கலங்குகிற பெண்ணை எங்கள் ஊர்க் கண்கள் வேறு எப்படிப் பார்க்கும்?

ஒரு சனிக்கிழமை அம்மா வெள்ளைக் கார்னேஷன் வாங்கிவந்து, காம்பை ஒட்ட நறுக்கி, நெருக்கமாக ஒரு மாலை கோத்தார். நானும் அம்மாவும் அதை மேலே கொண்டுபோனோம். அம்மா படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்று, மாலையைப் போட்டு, நுனியை நேராக்கிவிட்டார். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, என் கன்னத்திலும் கொஞ்சினார். யாரும் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். அதைவிட, யாரோ ஒருவருடைய தம்பிக்கு இவ்வளவு வடிவான மாலை, சொந்தத் தம்பிக்கு ஒன்றுமில்லையா என்று மாமாவுக்காக எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

மறுநாள் காலை அப்பா பெற்றோல் ஸ்ரேஷனில் ஞாயிற்று ஷிப்ட். அம்மா தலை முழுகிக்கொண்டிருந்தார். கதவு மணி அடித்தது. அன்ரி முழு வெள்ளையில், மாலையோடு படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

“உன் அம்மாவிடம் சொல், தம்பிக்காகப் பிரார்த்திக்கட்டும். அவன் இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. சிறையிலிருந்து ஒருவர் மூலம் வீட்டுக்குச் செய்தி வந்திருக்கிறது. தண்ணீர் மட்டும்தானாம். இன்றைக்கு நாங்கள் தூதரகத்துக்கு முன்னால் அதிக நேரம் நிற்கப்போகிறோம்.”

அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படிகளில் வெள்ளைச் சப்பாத்து இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் குளியலறைக் கதவுக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா, மேல்வீட்டு அன்ரி வந்தவ. தம்பிக்காகக் கும்பிடட்டாம்.”

“கும்பிடுறன்தானே. ஆத்மா சாந்தியடையட்டும்.”

“இல்லையம்மா. அவர் சாப்பிடுறேல்லையாம்.”

“ஆர் சாப்பிடுறேல்லை?”

“தம்பி. படத்தில இருக்கிறவர். மறியலில உண்ணாவிரதம் இருக்கிறாராம்.” சிறைக்கு எங்கள் வீட்டுச் சொல் மறியல். உண்ணாவிரதம் என்ற சொல்லும் எனக்குத் தெரியும். சித்தப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு போன ஊர்வலங்களில் கேட்ட சொல்.

அம்மா தலை துவட்டின துவாயோடு கதவைத் திறந்தார். “அந்தப் பிள்ளை உயிரோட இருக்கிறாரோ?”

“சாப்பிடாம இருக்கிறவர் உயிரோடதானே இருக்கோணும்” என்றேன். இன்றும் அந்தத் தர்க்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

அம்மா அப்படியே கதவோரம் குந்திவிட்டார். ஈரத் தலை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மாலையைப் போட்டுட்டனே. சாப்பிடாமக் கிடக்கிற பிள்ளைக்கு. ஐயோ, நான் என்ன வேலை பார்த்திட்டன்.”

இந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி, ஆட்டிறைச்சிப் பையோடு சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் தம்பி. பிரம்மச்சாரி. உலகத்தில் எங்கே யார் யாரை அடித்தாலும் அடிபட்டவர் பக்கம் நிற்கிறவர். வெயில் காலம் முழுவதும் ஒரே சிவப்பு ரீசேர்ட்டைத்தான் போடுவார். அதில் தொப்பியில் நட்சத்திரமும் முகத்தில் தாடியுமாக, கியூபாப் புரட்சியில் நின்ற அந்த ஆளின் முகம். அப்பா அவரைச் சீண்டுவதற்கு அது போதும். “எங்கட சனம் செத்து முடிய, ஜெனீவாவில நடந்த வாக்கெடுப்பில உன்ர கியூபாக்காரர் ஆருக்குக் கை தூக்கினவை? சொல்லு பாப்பம்” என்பார். “அது அரசாங்கம், இது ஆள்” என்று சித்தப்பா நெஞ்சைத் தட்டிக் காட்டுவார்.

அம்மா இருந்த கோலத்தைப் பார்த்ததும் சித்தப்பா பதறிப்போனார். “என்ன அண்ணி? ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை, தம்பி. அதுதான் பிரச்சினை.”

நான் சித்தப்பாவுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவருக்கு மாலையைவிட மற்றது பெரிய அதிர்ச்சி. “கியூபாவிலயோ உண்ணாவிரதம்? அங்க என்னத்துக்கு? எல்லாருக்கும் டொக்டர் ஓசி, பள்ளிக்கூடம் ஓசி.”

“மறியலும் ஓசிதான் போல” என்று சொல்லிக்கொண்டே அம்மா எழும்பினார். “எனக்கு அந்தத் தூதரகம் எங்கயெண்டு தெரியாது. நீர் வாரும். கெதியா. அந்த மாலை அந்தப் படத்தில கிடக்கிற ஒவ்வொரு நிமிசமும் எனக்கு நெஞ்சு பதறுது.”

இறைச்சி குளிர்ப்பெட்டிக்குப் போனது. அம்மா ஈரத் தலையை வாராமல் முடிந்துகொண்டு, வீட்டுச் சட்டைக்கு மேல் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டார். வால்தம்ஸ்டோவில் ரியூப் ரயில் ஏறி ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸில் மாறினோம். வழி நெடுக அம்மாவின் உதடு ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளையாரிடம் சொல்கிறாரா, அன்ரியின் மாதாவிடம் சொல்கிறாரா தெரியவில்லை. இரண்டு பேரிடமும்தான் என்று பிறகு சொன்னார்.

தூதரகத்துக்கு எதிர்ப்புற நடைபாதையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கையில் படங்கள், ஒரு பெரிய கொடி, பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் தூதரகத்தை மறந்து தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனாமாத் தொப்பி போட்ட ஒரு வயதானவரும், தாதியாக வேலை செய்யும் ஓர் இளம்பெண்ணும். எங்களுக்காக அன்ரி பின்னர் ஆங்கிலத்தில் சொன்னதை வைத்துத்தான் அந்தச் சண்டை எனக்கு விளங்கியது. அந்த அரசாங்கம் விழும்வரை ஒரு கப்பல்கூட அந்தத் தீவுக்குப் போகக்கூடாது என்பது தொப்பிக்காரரின் கட்சி. கப்பல் போகாவிட்டால் மந்திரி வீட்டில் அடுப்பு அணையாது, தன் அம்மாவின் வீட்டில்தான் அணையும் என்பது தாதியின் கட்சி. நடுவில் அன்ரி மாலை போட்ட படத்தோடு நின்று, கப்பல் போகட்டும், நிற்கட்டும், வாயால் ஒன்றைச் சொன்னதற்காக ஒருவனைப் பூட்டி வைக்கக்கூடாது, நான் கேட்பது அவ்வளவுதான் என்றாராம்.

“அண்ணி, இது எங்கட சங்கக் கூட்டம் மாதிரியே கிடக்கு” என்று சித்தப்பா காதோரம் சொன்னார். அவர் குரலில் ஒரு சொந்தம் தெரிந்தது. ஒரு அடி முன்னால் வைத்தார். அப்போதுதான் தொப்பிக்காரர் அவருடைய நெஞ்சைப் பார்த்தார்.

தாதியும் பார்த்தார். கொடி பிடித்திருந்தவர்களும் பார்த்தார்கள். அன்று அவர்கள் எல்லோரையும் ஒற்றுமைப்படுத்தியது சித்தப்பாவின் ரீசேர்ட்தான்.

தொப்பிக்காரர் கத்தவில்லை. கிட்ட வந்து, விரலால் அந்த முகத்தைத் தொடாமல் தொட்டு, மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். “இந்த முகம் சுவரில் பெரிதாகத் தொங்கிய கட்டடத்துக்குள்தான் என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. நீ இதைப் போட்டுக்கொண்டு எங்களோடு நிற்க வந்திருக்கிறாயா?”

சித்தப்பாவுக்கு அந்த முகம் என்றால் எளியவன் எழும்பி நிற்பது. இந்த மனிதருக்கு அது ஒரு கதவு. இரண்டும் ஒரே துணியில் எப்படி இருக்கிறது என்று சித்தப்பா குனிந்து தன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி,” என்றார் அம்மா, “அதை மறுவளம் திருப்பிப் போடும்.”

“அண்ணி, இது கொள்கை.”

“கொள்கையை உள்பக்கமாப் போடும். ஆர் வேண்டாமெண்டது?”

சித்தப்பா பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் போய்த் திரும்பிவந்தார். தையல் எல்லாம் வெளியே, இடுப்போரம் சலவை லேபல். தாடிக்காரர் துணிக்குள்ளால் மங்கலாக எட்டிப்பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தொப்பிக்காரர் அந்தக் கோலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த கொடி முனையைச் சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பா பிடித்துக்கொண்டார். அன்று முழுவதும் அதை விடவில்லை.

அம்மாவுக்கு இதிலெல்லாம் கண் இல்லை. நேராக அன்ரியிடம் போனார். எங்களைக் கண்டதில் அன்ரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எல்லோருக்கும் எங்களைக் காட்டி, இவதான் கட்டியவ, இவதான் என்று மாலையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

“மாலையைக் கழட்டித் தரட்டாம் எண்டு சொல்லு” என்றார் அம்மா.

“ஏனெண்டு கேப்பா.”

“பூ வாடிப்போச்சு எண்டு சொல்லு.”

சொன்னேன். அன்ரி மாலையை உற்றுப் பார்த்தார். கார்னேஷன் அப்படி ஒன்றும் சுலபத்தில் வாடுகிற பூ இல்லை. “நேற்றைப் போலவே இருக்கிறதே. உன் அம்மாவிடம் சொல், இத்தனை நாளும் என் தம்பியை இங்கே நின்று பார்த்தவர்கள் அவனை ஒரு கைதியாகப் பார்த்தார்கள். இன்றைக்குத்தான் ஒரு பெரிய மனிதனாகப் பார்க்கிறார்கள். இதை நான் கழற்றவே மாட்டேன்.”

ஒரு சொல்லும் சிந்தாமல் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவின் முகம் இன்னும் கறுத்தது.

“உண்மையைச் சொல்லட்டோ அம்மா?”

“மூச்சு விடாதை. உதைக் கேட்டா அவவின்ர நெஞ்சு என்னாகும்? தம்பி வருவான் எண்டுதானே அந்தச் சீவன் நிக்குது.”

அம்மா சுற்றிவரப் பார்த்தார். அப்போதுதான் மற்றவர்களுடைய கைகளிலிருந்த படங்கள் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒரு வாத்தியார், ஒரு பெடியன், கண்ணாடி போட்ட ஒரு அம்மா, இன்னும் பலர். ஒன்றிலும் மாலை இல்லை. அம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனார். அப்படியே நின்றுவிட்டார். பாவம், இவர்களுக்கு மாலை கட்டிக் கொடுக்க ஆள் இல்லைப் போலும், அம்மா அடுத்த கிழமை எல்லோருக்கும் கட்டப்போகிறார், எத்தனை பூ வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன்.

பிறகு அம்மா கையை நீட்டி, யாரும் எதிர்பார்க்காத வேகத்தில், மாலையைப் படத்திலிருந்து தூக்கினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பூக்கள் சரசரவென்று சால்வைக்குள் இறங்கின. அன்ரி “ஓ!” என்று ஒரு சத்தம் போட்டார். அம்மா அதில் ஒரு பூவை எடுத்து அன்ரியின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். அடுத்ததைத் தொப்பிக்காரருக்கு. அடுத்ததைத் தாதிக்கு. கொடி பிடித்தவர்களுக்கு, படம் பிடித்தவர்களுக்கு, சித்தப்பாவுக்கு. பொலிஸ்காரரிடமும் ஒன்றை நீட்டினார். வேலை நேரத்தில் எதையும் வாங்கக்கூடாது என்று அவர் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கி, முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று அன்ரி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரியவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை.

“ஒருத்தற்ற கழுத்தில கிடக்கிறதை விட எல்லாற்ற கையிலயும் இருந்தா நல்லம் எண்டு சொல்லு” என்றார் அம்மா.

அப்படியே சொன்னேன். சொல்லிவிட்டு, “இது எங்கள் வழக்கம்” என்று என் கணக்கில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி இல்லாவிட்டால் வசனம் முடியாததுபோல் இருந்தது.

அன்ரி அழத் தொடங்கினார். அழுதுகொண்டே சிரித்தார். எங்கள் ஊரிலும் இதுதான் என்றார். சிறைப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சகோதரிகளும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வெள்ளை உடுத்து, ஆளுக்கு ஒரு பூவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவால் நடந்து போவார்கள். கத்தமாட்டார்கள். நடப்பார்கள், அவ்வளவுதான். சிலநேரம் அதற்காகவே அவர்களையும் பிடித்துக்கொண்டு போவார்கள். அவருடைய அம்மாவும் அந்த வரிசையில் நடக்கிறவர். அதனால்தான் இங்கேயும் வெள்ளை. தம்பி ஒரு கணக்கு வாத்தியார். ரொட்டி இல்லை, கரண்ட் இல்லை என்று தெருவில் சனம் சொன்னதைக் கைபேசியில் படம் எடுத்து வெளியே அனுப்பினார். அமைதியைக் குலைத்தார் என்று உள்ளே போட்டார்கள்.

நான் சொல்லச் சொல்ல அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கிறது என்பதை அவர் மெல்ல மெல்லத் தனக்குள் இறக்கிவைப்பது தெரிந்தது. “எங்கட ஊரிலயும் தாய்மார் ரோட்டுக்கரையில பிள்ளையளின்ர படத்தோட இருக்கினம் எண்டு சொல்லு” என்றார். சொன்னேன். அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னேரம் வரைக்கும் அந்தக் கை அப்படியே இருந்தது.

திரும்பி வரும் ரியூபில் சால்வைக்குள் ஒரு பூ மிச்சமிருந்ததைக் கண்டேன். “இதை மாமாவின்ர படத்துக்கு வைப்பமோ அம்மா?”

“வேண்டாம்.”

“எல்லாருக்கும் குடுத்தீங்கள்தானே.”

“வேண்டாமெண்டால் வேண்டாம்.” அந்தப் பூவை வாங்கி என் பின்னலில் செருகிவிட்டார். மாமா ஏதோ பெரிய பிழை செய்திருக்கிறார், அம்மாவுக்கு அவரோடு இன்னும் கோபம் என்று நான் முடிவு கட்டினேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே ஒருநாள் அன்ரி படிகளில் குதித்து இறங்கிவந்து எங்கள் கதவை அடித்தார். தம்பி சூப் குடித்திருக்கிறார். அவர் கேட்டபடி தாயை வந்து பார்க்க விட்டிருக்கிறார்கள். மாதாதான் காரணம் என்றார் அன்ரி. சர்வதேச அழுத்தம் என்றார் சித்தப்பா. விட்டுக்கொடுக்காமல் நின்றதுதான் காரணம் என்று தொப்பிக்காரரும், யாரோ உள்ளே போய்ப் பேசியிருக்கிறார்கள் என்று தாதியும் சொன்னதாகக் கேள்வி. “நேரத்துக்கு மாலையைக் கழட்டினனான், அதுதான்” என்றார் அம்மா. என் மொழிபெயர்ப்பையும் யாராவது ஒருவர் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு, ஏலுமான ஞாயிறுகளில் அம்மாவும் பூவோடு போனார். கோக்கவே மாட்டார். உதிரியாகக் கொண்டுபோய் ஆளுக்கொன்று கொடுப்பார். தமிழர்களின் பழைய வழக்கம் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் தொப்பிக்காரரே அதை விளங்கப்படுத்துவார். சித்தப்பாவும் வருவார். ரீசேர்ட்டை வீட்டிலிருந்தே மறுவளமாகப் போட்டுக்கொண்டு வருவார். அதை ஏன் கழற்றி எறியவில்லை என்று கேட்டால், “முகத்தை விட ஏலாது, அந்த மனுசன்ர கண்ணையும் பாக்க ஏலாது” என்பார். நான் பிற்காலத்தில் சட்டம் படித்தபோது பெரிய பெரிய புத்தகங்களில் தேடிய சில விசயங்களுக்கு அந்தப் புரட்டிப்போட்ட சட்டை அளவுக்கு நேர்மையான பதில் கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் போனது. ஒருநாள் அன்ரியின் தம்பியைச் சிறையிலிருந்து விட்டார்கள். நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் விட்டார்கள். அன்ரி அன்று பாட்டுப் போட்டு ஆடினார். நடுவில் நின்று, “அவனை வெளியே விட்டார்கள். ஊரை இன்னும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள்” என்றார். பிறகு மறுபடி ஆடினார். அடுத்த ஞாயிறும் வெள்ளை உடுத்துப் போனார். மற்றவர்களின் படங்கள் இன்னும் கையில் இருந்தன.

தம்பி முதலில் ஸ்பெயினுக்கு வந்து, கொஞ்ச மாதம் கழித்து லண்டனுக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் ஹீத்ரோவுக்குப் போனோம். தொப்பிக்காரரும் தாதியும் ஒரே காரில் வந்தார்கள். வழி முழுவதும் சண்டை பிடித்துக்கொண்டு வந்ததாக இரண்டு பேருமே பெருமையாகச் சொன்னார்கள். அம்மா அன்று விடிய எழும்பி, சிவப்புக் கார்னேஷனில் மாலை கோத்திருந்தார். பொலித்தீன் பையில் ஈரத்துணி சுற்றி வைத்திருந்தார்.

கதவு திறந்து அவர் வந்தார். படத்தில் இருந்ததைவிட மெலிவு, உயரம், தலையில் நரை. அன்ரி அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. விட்டதும் அம்மா முன்னால் போனார். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தம்பி குனிந்தார். அம்மா மாலையைப் போட்டார். உயிருள்ள கழுத்தில், மூச்சில் ஏறி இறங்குகிற நெஞ்சில் அது கிடந்ததை அம்மா ஒருமுறை உள்ளங்கையால் அமத்திப் பார்த்தார். “சாப்பிட்டீரோ, தம்பி?” என்று கேட்டார். அதைத்தான் நான் அவருக்கு முதன்முதலாக மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

எல்லோரும் கார்ப் பக்கம் நடக்கத் தொடங்கினோம். திரும்பிப் பார்த்தால் அம்மா இன்னும் அந்தக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வேறு வேறு விமானங்களில் இறங்கியவர்கள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வாங்கோ அம்மா. எல்லாரும் வந்திட்டினம்.”

“கொஞ்சம் நில்லு பிள்ளை. இன்னும் ஆக்கள் வருகினம்.”

அவர் கையிலிருந்த பையை நான் வாங்கினேன். வெறுமையாக இருக்கும் என்று நினைத்தேன், கனமாக இருந்தது. உள்ளே, ஈரத்துணியில் சுற்றியபடி, அதே சிவப்பில் இன்னொரு மாலை இருந்தது. முதலாவது தற்செயலாக அறுந்துபோனால் போடுவதற்காக அம்மா இரண்டாவதாக ஒன்றையும் கோத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்த என் அம்மாவுக்கு எவ்வளவு முன்யோசனை என்று எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.